அசல் சிறகு என்பது எது?

பழைய போர்விமானிகளின் சிறகுச் சின்னங்களைச் சேகரிப்போர் நடுவில் எந்த உரையாடலும் ஒரே சொல்லில் தொடங்கி அதே சொல்லில் முடிகிறது: ‘அசலா?’ சீருடையின் இடமார்பில், பதக்க நாடாக்களுக்கு மேலே தைத்துக்கொள்ளும் உள்ளங்கை அகலத் துணித்துண்டு ஒன்றோ வெள்ளித் தகடு ஒன்றோ கையில் கிடைத்தவுடன் உருப்பெருக்கியும் புற ஊதா விளக்கும் நுண்தராசும் வெளியே வருகின்றன. விடை கிடைத்ததும் விலை கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் மறைந்துள்ளன. இப்பொருள் அக்காலத்தில் செய்யப்பட்டதா? உரிய அதிகாரத்தின் பேரில் செய்யப்பட்டதா? பறந்த ஒருவர் அதை அணிந்தாரா? முதற் கேள்விக்குக் கண்ணாடியும் விளக்கும் ஓரளவு விடை சொல்லும். இரண்டாவது கேள்விக்கு அவை தடுமாறும். மூன்றாவதற்கு அவற்றிடம் விடையே இல்லை. விலையோ பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்கே தரப்படுகிறது.

இதைத் திருவனந்தபுரத்தை முன்வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1932இல் கோதவர்ம ராஜாவின் முயற்சியால் விமானத்தளம் அமைந்த நகரம் இது. 1935 நவம்பரில் டாடா நிறுவனத்தின் வானஞ்சல் இந்நகரைப் பம்பாயுடன் இணைத்தது. இந்திய விமானப்படையின் தென்மண்டலக் கட்டளையகம் 1984 முதல் ஆக்குளத்தில் இயங்கிவருகிறது. படைப்பணி முடித்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் பல. இந்த ஊருக்கு வேறொரு மரபும் உண்டு. ஓலைச்சுவடிகளின் காலத்தையும் ஆசிரியரையும் மெய்ம்மையையும் குறித்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடிவரும் ஊர் இது. காரியவட்டத்தின் கீழ்த்திசை ஆய்வு நிறுவன நூலகத்தில் அவ்வழக்கின் சான்றுகள் அடுக்கடுக்காக உள்ளன. இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமலேயே அருகருகே வாழ்ந்துவருகின்றன.

பிரித்தானிய மரபில் சிறகுச் சின்னத்தின் வரலாறு 1913இல் தொடங்குகிறது. ராயல் ஃபிளையிங் கோரின் விமானிச் சிறகு அவ்வாண்டு ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் ஒப்புதலைப் பெற்றது. விரிந்த இரு சிறகுகள், நடுவே இலைவளையம், வளையத்துள் படைப்பெயரின் முதலெழுத்துகள், மேலே மணிமுடி என்பது அதன் அமைப்பு. 1918 ஏப்ரல் 1 அன்று ராயல் ஏர்ஃபோர்ஸ் பிறந்தபோது எழுத்துகள் மாறின. அமைப்பு அப்படியே நின்றது. இந்திய விமானப்படை 1932 அக்டோபர் 8 அன்று நிறுவப்பட்டது. அதன் பெயருக்கு முன்னால் ‘ராயல்’ என்ற அடை 1945 மார்ச்சில் சேர்ந்தது. குடியரசு மலர்ந்த 1950 ஜனவரி 26 அன்று நீங்கியது. மணிமுடி இருந்த இடத்தில் அசோகச் சிங்கம் அமர்ந்தது. ஆகவே ‘ராயல் இந்திய விமானப்படை’ என்னும் பெயரின் முதலெழுத்துகளைத் தாங்கிய சிறகு ஐந்தாண்டுக்கும் குறைந்த ஒரு காலத்துக்கு உரியது. 1945இல் அப்படையில் இருந்தோர் ஏறத்தாழ 28,500 பேர். அவர்களுள் அதிகாரிகள் சுமார் 1,600 பேர். அவ்வதிகாரிகளிலும் விமானிகள் ஒரு பகுதியினரே. ஒருவர் தம் ஒவ்வொரு சீருடைக்கும் ஒவ்வொரு சிறகு தைத்துக்கொண்டிருப்பார் என்று கணக்கிட்டாலும், அத்தகைய சிறகு ஏராளமாகக் கிடைக்கக்கூடிய பொருள் அன்று. ராயல் ஃபிளையிங் கோர் காலத்துக்குச் சென்றால் கணக்கு இன்னும் எளிது. முதல் உலகப்போரில் பறந்தவர்களாக நன்கறியப்பட்ட இந்தியர் நால்வர்: இந்திரலால் ராய், ஹர்தித் சிங் மாலிக், வெலிங்கர், சென். இந்திய விமானி ஒருவர் அப்போரில் அணிந்த சிறகு என்று எவரேனும் விற்க வந்தால், தையலைப் பார்ப்பதற்கு முன்பே நால்வருள் எவருடையது என்று கேட்டுவிடலாம்.

காலத்தைக் கணிக்கச் சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது மணிமுடியின் வளைவை. 1901 முதல் இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டுக் காலம் வரை வழங்கியது டியூடர் முடி. அதன் வளைவுகள் மேல்நோக்கி உருண்டெழும். 1953இலிருந்து வழங்கியது செயின்ட் எட்வர்ட் முடி. அதன் வளைவுகள் நடுவில் சற்றுக் குழிந்திருக்கும். எழுபது ஆண்டுகள் இவ்வேறுபாடு ஏறக்குறைய ஒரு விதியாகவே பயன்பட்டது. 2022இல் மூன்றாம் சார்லஸ் மீண்டும் டியூடர் முடியைத் தேர்ந்துகொண்டார். உருண்டெழும் வளைவு இனிப் பழமையின் அடையாளம் மட்டும் அன்று; புத்தம்புதுச் சின்னங்களின் அடையாளமும் அதுவே.

எழுத்துச் சீர்திருத்தத்தை அறிந்த மொழியியல் மாணவருக்கு இது புதிய செய்தி அன்று. மலையாள எழுத்து 1971இல் சீர்திருந்தியது. தமிழ்நாட்டு அரசின் ஆணை 1978இல் வந்தது. புதிய ‘லை’, ‘ணை’ வடிவங்கள் உள்ள தமிழ் அச்சுத்தாள் ஒன்றைக் கண்டால் அது 1978க்குப் பிற்பட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் பெரியாரின் ‘குடி அரசு’ 1935லேயே அவ்வடிவங்களைக் கையாளத் தொடங்கிவிட்டது. ஆணைக்குப் பின்னும் பல்லாண்டுகள் பழைய வடிவில் எழுதிய கைகள் இருந்தன. ஆணையின் நாளும் வழக்கின் நாளும் ஒன்றல்ல. சீருடையிலும் அப்படித்தான். 1953இல் முடி மாறியது என்பதற்காக அடுத்த நாள் காலையில் எல்லா விமானிகளும் பழைய சிறகைப் பிரித்தெடுத்துவிடவில்லை. தையற்கடைகளின் இருப்பும் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை. முடியின் வடிவம் காலத்தின் ஓர் எல்லையைக் காட்டும். மறு எல்லையை அது காட்டாது.

உலோகச் சிறகுகளைக் குறித்துச் சேகரிப்பாளர்கள் திரட்டியுள்ள அறிவு வியப்புக்குரியது. பல்கலைக்கழகத்தார் அதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது நியாயம் அன்று. அச்சில் அடித்த சிறகுக்கும் அச்சிறகை மாதிரியாக வைத்து வார்த்த சிறகுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் விரல்நுனியாலேயே உணர்வர். அச்சடித்ததில் இறகுகளின் விளிம்பு கூர்மையாக நிற்கும். வார்ப்பில் அது மழுங்கியிருக்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால், வார்ப்பு தன் மூலத்தைவிட நூலிழையளவு சிறியதாகவே அமையும். இவற்றையெல்லாம்விட நுட்பமானது பழுதுகளின் சாட்சி. ஓர் இறகின் ஓரத்தில் கீறல். பின்புறத்தில், ஊசிக் கொக்கியின் அருகே ஒரு சிறு புடைப்பு. இவை ஒரு சிறகில் மட்டும் காணப்பட்டால் அது பட்டறிந்த தழும்பு. அதே கீறலும் அதே புடைப்பும் அதே இடத்தில் ஐந்து சிறகுகளில் காணப்பட்டால், ஐந்தும் ஒரே தாயிடமிருந்து வார்க்கப்பட்ட பிள்ளைகள்.

சுவடிப் பதிப்பில் பொதுப்பிழையைக் கொண்டு வழிமரபு வரைவதும் இதே நெறிதான். இரு ஏடுகள் ஒரே சரியான பாடத்தைக் கொண்டிருப்பதால் எதுவும் நிறுவப்படாது. ஒரே பிழையைக் கொண்டிருந்தால் அவற்றுக்குப் பொது மூலம் உண்டு. பள்ளிப்படிப்போடு நின்றுவிட்ட சேகரிப்பாளர்கள்கூடத் தாமாகக் கண்டடைந்த இந்நெறியை, அதை ஒரு பருவம் முழுவதும் பயிலும் முதுகலை மாணவர் எவரும் நகரத்தின் பழம்பொருட்களில் பொருத்திப் பார்ப்பதில்லை.

எனினும் இக்கலைக்கு ஒரு வரம்பு உண்டு. போர்க்கால அச்சு போருக்குப் பின்னும் உடைந்துபோகவில்லை. அமெரிக்காவில் பழைய அச்சுகளிலிருந்தே பின்னாளில் மீண்டும் அடிக்கப்பட்ட சிறகுகள் உண்டு. அச்சு அசல், வெள்ளி அசல், செய்த நிறுவனமும் அசல்; காலம் மட்டும் பொய். பின்புறத்தில் நிறுவனக் குறியெண் இருந்தால் தப்பிக்கலாம். நியூயார்க்கின் மேயர் நிறுவனத்துக்குரிய ‘22எம்’ என்ற குறி காணப்பட்டால் அது போர்க்காலப் பொருள் அன்று என்று துணிந்து சொல்லலாம். குறியே இல்லாதபோது துணிய முடியாது.

துணிச் சிறகுகளுக்கு வரும்போது சிக்கல் முற்றுகிறது. அச்சிக்கலின் நடுவில் இந்தியா நிற்கிறது.

இரண்டாம் உலகப்போரில் இத்துணைக்கண்டம் பன்னாட்டு விமானிகளால் நிறைந்திருந்தது. அஸ்ஸாமிலிருந்து இமயத்தைக் கடந்து குன்மிங்குக்குச் சரக்கு ஏற்றிச்சென்ற அமெரிக்கர்கள், சென்னைச் செங்குன்றம் ஏரியிலிருந்து கடல்விமானங்களில் எழுந்த ராயல் ஏர்ஃபோர்ஸ் விமானிகள், இலங்கையின் கொக்கலையில் தங்கியிருந்த கனடியர்கள் எனப் பலர். தாய்நாட்டிலிருந்து சின்னங்கள் வந்துசேரும் வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கடைத்தெருவின் தையற்காரரிடமும் வெள்ளி ஆசாரியிடமும் சென்றனர். மாதிரியைப் பார்த்தோ, படத்தைப் பார்த்தோ, வெறும் வாய்மொழி வருணனையைக் கேட்டோ சரிகைக் கம்பியால் சிறகு எழுந்தது. ‘களத்தில் செய்தவை’ என்று இன்று சேகரிப்பாளர்கள் தனிப்பெயரிட்டு மிகுந்த விலை கொடுத்து வாங்குவது இவற்றைத்தான். இறகுகளின் எண்ணிக்கை ஒத்துப்போகாது. முடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். சில வேளைகளில் எழுத்தே திரும்பி நிற்கும். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அதை எழுத்தாகப் பார்க்கவில்லை, வடிவமாகப் பார்த்தார் என்பதன் தடயம் அது. மொழி அறியாத கல்தச்சர் பொறித்த கல்வெட்டில் நேரும் பிழைகளைப் படித்தவர்களுக்கு இத்தகைய திரிபுகள் பழக்கமானவை.

அந்தத் தொழில் போரோடு முடிந்துவிடவில்லை. வாரணாசியிலும் எல்லைக்கு அப்பால் சியால்கோட்டிலும் சரிகைச் சின்னம் தைக்கும் பட்டறைகள் இன்றும் உலகப் படைகளுக்கும் கழகங்களுக்கும் சின்னங்களை அனுப்பிவருகின்றன. அங்கே தைக்கப்பட்டு, முறையான மறுபடைப்பு என்ற பெயரில் கப்பலேறிய ஒரு சிறகு, இரண்டு கைகள் மாறியதும் ‘1944, கல்கத்தா’ ஆகிவிடக்கூடும். அதே நுட்பம், அதே வகைக் கம்பி, ஏறக்குறைய அதே தொழில்மரபின் பேரன்மார் கை. புற ஊதா விளக்கின் கீழே துணி ஒளிர்ந்தால் அது பிற்காலத்துக்கு உரியது என்பர். செயற்கை இழைகளும் வெண்மையூட்டும் வேதிப்பொருட்களும் போருக்குப் பிறகே பரவின என்பது காரணம். காரணம் சரியானதே. ஆனால் அறுபதுகளில் ஒரு வீட்டில் அந்தச் சீருடை நவீன சலவைத்தூளில் ஒருமுறை நனைந்திருந்தால், அசலும் ஒளிரும். மறுபுறம், ஒளிராத பருத்தியையும் பழைய கம்பளியையும் தேடி எடுத்துத் தைப்பது போலி செய்வோருக்குக் கடினமன்று. விளக்கு சிலவற்றை விலக்கிக் காட்டும், எதையும் உறுதிப்படுத்தாது.

இந்த விவாதத்தில் ‘போலி’ என்ற சொல் இந்தியக் கையோடு எளிதாக ஒட்டிக்கொள்வதையும் கவனிக்க வேண்டும். தரம் குறைந்த தையல் என்றால் ‘இந்தியப் போலி’. அதே தரக்குறைவு 1944க்கு உரியது என்று தெரிந்தால் ‘களத்தின் அழகு’. தையற்காரர் இரு நேரத்திலும் ஒரே வேலையைத்தான் செய்தார். கேட்டவருக்குச் சிறகு தைத்துக் கொடுத்தார். பொய் அவருடைய ஊசியில் இல்லை. பின்னால் எழுதப்பட்ட விலைச்சீட்டில் இருக்கிறது. பொருளுக்குள் பொய்யைத் தேடுவதால்தான் பொய் சொன்னவர் தப்பித்துவிடுகிறார்.

இங்கேதான் இந்நகரின் சுவடி வழக்கு உதவிக்கு வருகிறது. பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் 1909ஆம் ஆண்டளவில் கணபதி சாஸ்திரி மலையாள எழுத்திலமைந்த ஓலைச்சுவடி ஒன்றைக் கண்டார். திருநெல்வேலிச் சீமைக்காரரான அவர், அதிலும் தொடர்ந்து கிடைத்த சுவடிகளிலும் இருந்த பதின்மூன்று நாடகங்களைப் பாசனுடையவை என்று முடிவுசெய்து, 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் பதிப்பித்தார். நாடகங்களில் ஆசிரியர் பெயர் இல்லை. அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முழுதாக ஓயவில்லை. பாசனே என்றனர் சிலர். கேரளத்துக் கூத்தரங்க மரபின் தழுவல்கள் என்றனர் சிலர். சில நாடகங்கள் அவனுடையவை, சில அல்ல என்றனர் வேறு சிலர். அந்த வழக்கு நடக்க முடிந்ததற்குக் காரணம் ஒன்று உண்டு. சுவடி எங்கே கிடைத்தது, எந்த எழுத்தில் இருந்தது, எவற்றோடு சேர்ந்திருந்தது என்பவை முதல் நாளிலேயே பதிவாயின. கணபதி சாஸ்திரியின் முடிவை மறுப்பவரும் அவர் பதிந்துவைத்த செய்திகளைக் கொண்டே மறுக்கின்றனர். கண்ட இடம் தெரியாமல், கட்டவிழ்ந்து, ஏடு ஏடாக விற்கப்பட்டிருந்தால் வழக்காட எதுவும் மிஞ்சியிருக்காது.

சிறகுகளுக்கு நேர்ந்துகொண்டிருப்பது அதுதான். ஒரு விமானியின் வீட்டில் பொதுவாக எஞ்சுபவை நான்கு: சிறகு, பறப்புநேரப் பதிவேடு, சீருடையில் எடுத்த ஒரு புகைப்படம், குடும்பத்தார் நினைவில் இருக்கும் கதை. பதிவேட்டில் எந்த நாளில் எந்த விமானத்தில் எத்தனை மணிநேரம் பறந்தார் என்பது அவர் கையெழுத்திலேயே இருக்கும். மேலதிகாரியின் ஒப்பமும் இருக்கும். பணியேற்பு அரசிதழில் வெளிவந்திருக்கும். இவை நான்கும் ஓரிடத்தில் இருந்தால் மூன்றாவது கேள்விக்கு விடை உண்டு. தனித்தனியே விற்றால் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதை வணிகர் அறிவர். சிறகு ஓர் ஊருக்குச் செல்லும், பதிவேடு வேறோர் ஊருக்கு. புகைப்படம் சட்டத்துக்காக விலைபோகும். கதையை யாரும் வாங்குவதில்லை. சாலைக் கடைவீதியின் பழைய உலோகக் கடைக்கு எடைக்குப் போகும் வெள்ளிச் சிறகுக்கு அந்த அளவு நல்லூழும் இல்லை, அது உருகிவிடும்.

வீட்டிலேயே இருப்பவையும் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்ல முடியாது. இவ்வூரின் இருபருவ மழை சரிகையின் எதிரி. வெள்ளி முலாம் கறுத்து, அடியிலுள்ள செப்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறும். அதைக் காணப் பொறாத வீட்டார் குத்துவிளக்கோடு சேர்த்து உலோகச் சிறகையும் புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கவைப்பர். அன்பினால் செய்யப்படும் அவ்வேலை, ஐம்பதாண்டு காலம் படிந்த நிறத்தை ஐந்து நிமிடத்தில் அழித்துவிடுகிறது. பின்னர் ஒரு சேகரிப்பாளர் அதைப் பார்த்து, நிறம் இல்லை, ஆகவே புதியது என்று தீர்ப்பளிப்பார். அதே வேளையில், கந்தகக் கலவையில் நனைத்துப் போலியாகக் கறுக்கவைத்த வார்ப்பு ஒன்று அவருடைய பெட்டியில் அசல் என்று வீற்றிருக்கக்கூடும்.

செய்யத்தக்கது பெரிய செலவுள்ள காரியம் அன்று. பல்கலைக்கழகத்தின் வரலாறு, மொழியியல், நூலகவியல் துறைகள் ஒன்றுசேர்ந்து, நகரில் வாழும் விமானப்படைக் குடும்பங்களில் உள்ளவற்றை அவை இருக்கும் வீட்டிலேயே பதிவுசெய்யலாம். பொருளை வாங்க வேண்டியதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. சிறகின் முன்பக்கம், பின்பக்கம், அளவு, எடை; பதிவேட்டின் பக்கங்கள்; புகைப்படம்; அதை வைத்திருப்பவரின் குரல் — இவை ஒரே எண்ணின் கீழ்ப் பதிவாகிவிட்டால் போதும். பின்னாளில் அவை எட்டுத் திசைக்குச் சிதறினாலும் ஒன்றோடொன்று உறவு அறாது. குரற்பதிவில் மொழியியலாருக்குத் தனி ஆதாயமும் உண்டு. மலையாளம், தமிழ், படைமுகாம் இந்தி, ஆங்கிலக் கட்டளைச் சொற்கள் எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்து வழங்கும் அந்தத் தலைமுறையின் பேச்சு எந்த வட்டாரவழக்கு அகராதியிலும் இடம்பெறவில்லை.

இத்தகைய பதிவு சந்தைக்குத் துணைபோகும், சான்றளிக்கப்பட்ட சிறகின் விலையை ஏற்றும் என்று ஒரு மறுப்பு எழலாம். ஏற்றத்தான் செய்யும். கூடவே, போலி மட்டும் வைத்திருப்பவரின் விலையை இறக்கவும் செய்யும். கல்விப்புலம் தலையிடாத இடத்தில் இன்று நடப்பதும் சந்தைதான். சான்று எதுவும் இல்லாத சந்தை.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள் தொல்பொருளாகும்; ஏட்டுச்சுவடி போன்றவற்றுக்கு எழுபத்தைந்து ஆண்டுகளே போதும். முதல் உலகப்போர்ச் சிறகுகள் அந்த எல்லையைக் கடந்துவிட்டன. இரண்டாம் உலகப்போர்ச் சிறகுகள் 2040களில் கடக்கும். அப்போது சட்டம் அவற்றைக் காக்க வரும். அவை யாருடையவை என்று அதற்குச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். அவற்றை அணிந்தவர்களின் மக்கள் பலர் இப்போதே எழுபதைத் தாண்டியவர்கள். பேரன்மார் பலர் வளைகுடாவிலும் வட அமெரிக்காவிலும் இருக்கின்றனர். பழைய வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்ககங்கள் எழுகின்றன. இடிப்பதற்கு முன் அலமாரியை ஒழிக்கும் நாளில், அந்தச் சிறு துணித்துண்டு எந்தச் சட்டையிலிருந்து பிரிக்கப்பட்டது என்று சொல்லக்கூடிய ஒருவராவது பெரும்பாலும் அதே வீட்டின் முன்னறையில் அமர்ந்திருக்கிறார்.